ஐயூஐ (விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் கருத்தரிப்புச் சிகிச்சை) செய்யும்முன் விந்தணுவை ஏன் 'கழுவுகிறார்கள்'?

கழுவுவது என்றதும் அழுக்குதான் நினைவுக்கு வரும், விஷயம் அதுவல்ல. விந்துத் திரவத்தில் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற ஹார்மோன் போன்ற பொருட்கள் உண்டு. அவை நேராகக் கருப்பைக்குள் போனால் தசையைச் சுருக்கிக் கடும் வலி தரும். அதனால் திரவத்தை நீக்கி அணுக்களை மட்டும் பிரிக்கிறார்கள்.

மாதிரி பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். பிறகு குழாயில் அடியில் அடர்த்தி கூடிய 80 சதவீத சிலிக்கா கரைசல், அதன்மேல் அடர்த்தி குறைந்த 40 சதவீதம், உச்சியில் விந்து. சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால், அடர்த்தி மிகுந்த நல்ல அணுக்கள் அடியில் படியும். செத்தவையும் வெள்ளையணுக்களும் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். படிந்ததை ஊடகத்தில் (அணுக்களை உயிரோடு வைக்கும் திரவம்) அலசி எடுப்பார்கள்.

இன்னொன்று (இதுதான் எனக்குப் பிடித்தது) நீந்தவிடும் முறை. மாதிரிக்கு மேல் ஊடகம் ஊற்றி, 37 டிகிரி வெப்பத்தில் குழாயை 45 டிகிரி சாய்த்து ஒரு மணி நேரம் வைத்தால், துடிப்பானவை தாமே மேலேறி வரும். எண்ணிக்கை குறைந்த மாதிரிக்கு இது சரிப்படாது, கிடைப்பது சொற்பம்.