ஊறல் எத்தனை மணி நேரம்? எக்செல்லில் கழித்துப் பார்க்கும் வழி

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எக்செல்லில் ஏ பத்தியில் கோரைக் கட்டின் எண், பி-யில் வேலை (அறுப்பு, ஊறல், காயவைப்பு, சாயம், நெசவு), சி-யில் அந்த வேலையைத் தொடங்கிய தேதியும் நேரமும் எழுதுகிறேன். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று கழித்துப் பார்த்தால் 04-01-1900 என்று வருகிறது. எங்கே தப்பு?"

கணக்கு சரிதான் அம்மா. எக்செல்லுக்குத் தேதி என்பது வெறும் நாள் எண்ணிக்கை. 1900 ஜனவரி 1 அதற்கு 1. நேரம் ஒரு நாளின் பின்னம். காலை 6 மணி 0.25. ஜனவரி 5 காலை 8 மணிக்கு ஆற்றில் ஊறப்போட்டு, 9-ஆம் தேதி பகல் 2 மணிக்கு எடுத்துக் காயவைத்தால் வித்தியாசம் 4.25. அந்த 4.25-ஐத்தான் தேதியாகக் காட்டுகிறது. கட்டத்தின் வடிவமைப்பை 'எண்' என்று மாற்றினால் நாள்கணக்கு தெரியும். மணிக்கணக்கு வேண்டுமென்றால் 24-ஆல் பெருக்குங்கள்: 102. மணி வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். சாதாரண மணி வடிவம் முழு நாட்களை விட்டுவிட்டு 6:00 என்று மட்டும் காட்டும், நான்கு நாள் ஊறல் ஆறு மணி நேரமாகிவிடும்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. நீங்கள் எழுதுவது தொடங்கிய நேரம். அப்படியானால் காயவைப்பு நேரத்திலிருந்து ஊறல் நேரத்தைக் கழித்து வருவது ஊறலுக்கு ஆன நேரம். அதைக் காயவைப்பு வரிசையில் எழுதினால் எல்லா வேலையின் கணக்கும் ஒரு படி நழுவிவிடும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். அதனால் கீழ் வரிசையிலிருந்து கழியுங்கள். டி2-வில்:

=இஃப்(ஏ3=ஏ2, சி3-சி2, "")

(செயலியில் இதை ஆங்கில எழுத்தில் தட்டச்சிட வேண்டும்.) கீழே உள்ளது அதே கட்டு என்றால் மட்டும் கழிக்கும், வேறு கட்டு வந்தால் காலியாக விடும். இதைக் கடைசி வரை இழுத்துவிடுங்கள். ஆனால் இதற்கு முன்பே அட்டவணையை முதலில் ஏ, அப்புறம் சி என்று வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். நெசவுக்குக் கீழே 'முடிந்தது' என்று ஒரு வரிசை சேர்த்தால்தான் நெசவு நேரமும் கிடைக்கும்.

விடை #### என்று வந்தால் முதலில் பத்தியை அகலப்படுத்திப் பாருங்கள். அப்போதும் போகாமல், கட்டம் தேதி வடிவமைப்பில் இருந்தால், கழித்தது எதிர்மறை எண்ணாகிவிட்டது என்று பொருள்; தேதியைப் பாருங்கள். கணினியில் அமெரிக்க முறை இருந்தால் 05-01 என்பது மே 1 ஆகிவிடும், எச்சரிக்கையும் வராது. 15-01 என்றால் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி வைக்கும். மாதத்தை எண்ணில் எழுதாமல் ஆங்கிலப் பெயரில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

சராசரிக்கு:

=ஆவரேஜ்இஃப்ஸ்(டி$2:டி$500, பி$2:பி$500, "ஊறல்")

பி பத்தியில் ஒரு நாள் 'ஊறல்', மறுநாள் 'ஊறப்போட்டது' என்று எழுதினால் இரண்டாவது கணக்கில் சேராது. காயவைப்புக்கு மட்டும் ஒரே சராசரி போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்வதும் சித்திரை வெயிலில் காய்வதும் ஒன்றல்ல. மாதத்தைக் குறிக்க ஒரு பத்தி சேர்த்து, மாதவாரியாகத் தனித்தனி சராசரி எடுத்தால்தான், பாய் கேட்பவரிடம் நம்பி நாள் சொல்ல முடியும்.