மூக்கின் சாட்சி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையில் இருக்கும் என் மாமனாருக்கு எழுபது வயது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி. மகளின் பிரசவத்துக்காகச் சென்னையில் தங்கியிருந்த என் மாமியார், ஊர் திரும்பிய அன்றே "இவர் வாயில் மூத்திர வாடை வருகிறது" என்றார். எங்கள் யாருக்கும் அப்படித் தெரியவில்லை. பல் மருத்துவரிடம் காட்டினோம். வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். மாமியார் இரண்டு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம். நாலு பேர் முன்னால் இப்படிப் பேசிவிடுவாரோ என்று சங்கடமாக இருக்கிறது. அது போகட்டும். வாடையைக் கொண்டு நோயை அறிவது நம் சித்தர்களுக்கு அன்றே தெரியும் என்றும், மேல்நாட்டார் இப்போதுதான் நாய்களையும் இயந்திரங்களையும் வைத்து அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றும் படித்தேன். இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டுகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

"அது போகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, எது போகட்டும்? நாளைக் காலையில் மாமனாரை அழைத்துப் போய், சிறுநீரகத்தின் நிலை தெரிய, ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பாருங்கள். சிறுநீரகம் சோர்ந்துபோனால் வெளியேற வேண்டிய யூரியா ரத்தத்தில் தேங்கும், எச்சிலிலும் கலக்கும். வாயிலுள்ள கிருமிகள் அதை அம்மோனியாவாகச் சிதைக்கும். உங்கள் மாமியார் சொல்லும் வாடை அதுவாக இருக்கலாம். பசி குறைந்திருக்கிறதா, உடம்பில் அரிப்பு உண்டா, கணுக்கால் வீங்குகிறதா, முட்டிவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறாரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வாய் நாற்றத்தில் பெரும்பகுதி ஈறிலிருந்தும் நாக்கிலிருந்தும்தான் வருகிறது. அதனால் பல் மருத்துவரிடம் போனதில் தவறில்லை. அங்கேயே நின்றுவிட்டீர்கள், அதுதான் தவறு.

சித்தர்களைப் பற்றிக் கேட்டீர்கள். நோயை அறிய அவர்கள் வகுத்த எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. நீர்க்குறி என்ற அந்தச் சிறுநீர்ச் சோதனையில் நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்து பார்ப்பார்கள். மணம் அதில் இருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஏட்டைப் பெருமையோடு கையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து மணத்தைச் சொல்லும் கிழவியை வாயடைக்கிறீர்களே, இது என்ன பெருமை? நாய்களையும் இயந்திரங்களையும் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு விவரம்தான். மாமியார் வெளியூரில் இருந்துவிட்டு வந்தவர். மூக்கு எதற்கும் சீக்கிரம் பழகிவிடும். கூடவே இருப்பவருக்கு மெல்ல வளரும் வாடை தெரியாது. நம் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் இது எல்லோருக்கும் அனுபவம். ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வளவு வீட்டைத் திருவிழாவுக்குத் திறக்கும்போது வௌவால் எச்சமும் ஈரச்சுவரும் முகத்தில் அறையும். சற்று நேரத்தில் அதே பட்டாலையில் இலை போட்டுச் சாப்பிடுவோம். உங்கள் மாமியார் அந்த முதல் நேரத்து மூக்கோடு உள்ளே வந்தார். பிறகும் மறக்கவில்லை. அவரைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

எங்கள் பெரியப்பா இரண்டாங்கட்டை ஒட்டிய அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். துணி வெளுக்க வருகிற அம்மா ஒருநாள் மூட்டையை அவிழ்த்து, தலையணை உறையை மட்டும் தனியே எடுத்து, தலை படும் பக்கத்தை உள்ளே வைத்து மடித்து முகர்ந்தார். வேட்டியை முகரவில்லை, துண்டை முகரவில்லை. "ஆச்சி, இது வியர்வை இல்லை. பூசணம் பிடித்தாற்போல ஓர் இனிப்பு வருகிறது. போன வாரம் இப்படி இல்லை" என்றார். அப்பத்தா அதட்டி அனுப்பிவிட்டார். பெரிய வீட்டு மனிதர் நாறுகிறார் என்று வேலைக்கு வருகிறவள் சொல்வதா? அன்றிலிருந்து அறையில் சாம்பிராணி கூடியது, அத்தர் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவர் முகப்பில் ஆண்களிடம் பேசிவிட்டுப் போனார். பின்கட்டில் நின்ற அந்த அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிய பிறகுதான் ஈரல் என்ற பேச்சே வந்தது. ஈரல் செயலிழக்கும்போது கந்தகம் சேர்ந்த சில பொருள்கள், முக்கியமாக டைமெத்தில் சல்ஃபைடு, வடிகட்டப்படாமல் மூச்சில் வெளியேறும். மருத்துவப் புத்தகங்கள் அந்த வாடையைப் பூசணமும் இனிப்பும் கலந்தது என்றே எழுதுகின்றன. பல வருடம் கழித்து அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

உடம்பைத் தொட்டுத் துடைப்பவர்கள், துணி அலசுபவர்கள், படுக்கை மாற்றுபவர்கள் சொல்வதை நாம் பேச்சாகவே எடுத்துக்கொள்வதில்லை. இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. நார்வேயில் போர்க்னி ஈகலாண்ட் என்ற தாய், வளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளின் சிறுநீரில் விசித்திர வாடை வருகிறது என்று மருத்துவர் மருத்துவராக அலைந்தார். 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவர்தான் அதைக் காதில் வாங்கினார். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்ற ரசாயனத்தை விட்டார், அது பச்சையானது. ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்க முடியாத பிறவிக் கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடித்து, உணவை மாற்றியே மூளையைக் காப்பாற்றிவிடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன் ஒரு செவிலியர். கணவரின் உடல்வாடை மாறியபோது, ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று அவரையே கடிந்துகொண்டாராம். பத்தாண்டுக்கும் மேல் கழித்துக் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பிறகு நோயாளிகள் கூடிய ஓர் அறையில் எல்லோரிடமும் அதே வாடை. எடின்பரோவில் 12 பேர் அணிந்த பனியன்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். நோயுள்ள ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரையும் சேர்த்துச் சொன்னார். சில மாதங்களில் அவருக்கும் நோய் உறுதியானது. வாடை அதிகம் இருந்தது அக்குளில் அல்ல, கழுத்துப் பக்கத்தில். தோலின் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். எங்கள் வீட்டு அம்மா வேட்டியை விட்டுத் தலையணை உறையை எடுத்தது எனக்கு நினைவு வராமல் இருக்குமா?

மூக்கு ஏமாறாது என்று நான் சொல்லவில்லை. மேப்பிள் மரத்து இனிப்புப் பாகின் வாடை வீசும் சிறுநீர் என்று பச்சைக் குழந்தைகளுக்கு ஓர் ஆபத்தான நோய் உண்டு. அந்த வாடைக்குக் காரணமான சோடோலோன் என்ற பொருள் நம் வெந்தயத்திலும் இருக்கிறது. தாய் வெந்தயம் சாப்பிட்டுப் பிள்ளை பெற்றதால் குழந்தையிடமும் அதே வாடை வந்து, அந்த நோயோ என்று மருத்துவர்கள் திகைத்த கதைகள் உண்டு. கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பவர் வாயிலும் பழவாடை போன்ற அசிட்டோன் வாடை வரும், அது நோயில்லை. ஆனால் அதே பழவாடையோடு சர்க்கரை நோயாளி ஒருவர் வாந்தி எடுத்து, பெருமூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சில புதிய சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கு, ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலே அந்த நிலை வரலாம். தள்ளாடுகிறார், வாயில் வாடை, குடித்திருக்கிறார் என்று அப்படிப்பட்டவரை ஒதுக்கிவைக்கும் கொடுமையும் நடக்கிறது. மூக்கு சந்தேகத்தை எழுப்பும். உறுதி செய்ய வேண்டியது பரிசோதனைக்கூடம். நீங்கள் சந்தேகப்படவே மறுக்கிறீர்கள்.

கல்யாணத்தில் மாமனார் சந்தன மணத்தோடு நிற்க வேண்டும் என்ற உங்கள் ஆசை புரிகிறது. பெரியவர் மீது நீங்கள் பாசமாக இருப்பதும் தெரிகிறது. இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். "அத்தை சொல்வது கிடக்கட்டும் டாக்டர், நீங்கள் சொல்லுங்கள்" என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். எந்த நாளில் வாடை கூடுகிறது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, சிறுநீர் குறைந்திருக்கிறதா என்பதை அவர் சொல்லட்டும்.

கிரியாட்டினின் எவ்வளவு என்று எழுதுங்கள். நீர்க்குறியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.