தோட்டத்து லேண்ட் ரோவர் பெர்த்துக்குப் போகுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு பாலிக் புலாவிலிருந்து எழுதுகிறேன். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் குடியேறப் போகிறோம். அப்பா டுரியான் தோட்டத்தில் ஓட்டிய 1994 லேண்ட் ரோவர் டிஃபெண்டரை விட்டுவிட்டுப் போக மனமில்லை. புல்வெட்டும் மிஷினையும் கொண்டுபோக ஆசை. "நல்லா கழுவி அனுப்பினா போதும்" என்கிறார் ஏஜென்ட். அங்கே இருக்கும் மச்சானோ, "மண் இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மச்சான் சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏஜென்ட் சொன்னதிலும் பிழையில்லை. அந்த "நல்லா"வுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆஸ்திரேலியாவுக்குள் போகிற பழைய வண்டியோ மிஷினோ, அதில் மண், விதை, இலைதழை, பூச்சி, நத்தை, சாணம் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. ஃபிரிமேண்டல் துறைமுகத்தில் இறங்கியதும் பரிசோதனை நடக்கும். நீங்கள் இங்கே கழுவியதற்குச் சான்றிதழ் வைத்திருந்தாலும் சோதனை சோதனைதான். அழுக்கைக் கண்டதும் நேராகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். முதலில் அங்கேயே கழுவச் சொல்வார்கள், தேவைப்பட்டால் மருந்துப் புகை போடச் சொல்வார்கள். அதற்கும் சரிப்படாவிட்டால்தான் திருப்பி அனுப்புவது, அல்லது அழிப்பது. செலவு முழுக்க உங்கள் தலையில்: அதிகாரியின் நேரத்துக்குக் கட்டணம், டெப்போ வாடகை, அந்த ஊர்க் கூலி. இங்கே இரண்டு நாள் கூலியில் முடிகிற வேலைக்கு அங்கே அவ்வளவும் கொடுக்க வேண்டுமா?

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் நத்தையைக் காட்டுவேன். மழை விட்டதும் நம் வீட்டுச் சுவரில் ஊர்கிற அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தைதான். ஒரே ஒரு நத்தை நூற்றுக்கணக்கில் முட்டையிடும். 1977-ல் குவீன்ஸ்லாந்தில் அது தலைகாட்டியபோது, மாதக்கணக்கில் தேடித் தேடி ஒழித்தார்கள். 2001-ல் பிரிஸ்பேனில் கண்டுபிடித்த நெருப்பு எறும்போடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அப்படித்தானே? தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் ரப்பரைத் தாக்கிவிடும் என்ற பயத்தில், அந்தப் பக்கத்து ரப்பர் கன்றையும் மண்ணையும் மலேசியா உள்ளே விடுவதில்லை.

சரி, வண்டிக்கு வருவோம். டிஃபெண்டர் அருமையான வண்டி, ஆனால் மண்ணைச் சேர்த்து வைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதன் சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், உள்ளே வெற்றிடம் உள்ள இரும்புப் பெட்டி. தோட்டத்துச் சேறு துளை வழியே உள்ளே போய் முப்பது வருடமாகக் கெட்டியாகி உட்கார்ந்திருக்கும். கார் வாஷில் அழுத்தத் தண்ணீரை அடித்தால் வெளிப்பக்கம் பளபளக்கும், உள்ளே இருக்கிற சேறு இன்னும் ஆழமாகப் போகும். பட்டறையில் வண்டியை உயர்த்தி, முதலில் காற்றடித்து, பிறகு துளைக்குள் குழாயை விட்டு, வெளியே வருகிற தண்ணீர் தெளியும்வரை ஓடவிடுங்கள். ஒரு நாளில் முடியாது. காயவிட்டு மறுநாள் தட்டிப் பார்த்தால் இன்னும் கொட்டும்.

அப்புறம் ரேடியேட்டர். என் வாடிக்கையாளர் ஒருவரின் பிக்கப், புது வண்டி மாதிரி மினுக்கிக்கொண்டு கப்பலேறியது. ரேடியேட்டருக்கும் ஏர்கான் கண்டென்சருக்கும் நடுவே புல்விதை அடைந்திருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அங்கே டார்ச் அடித்தவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அந்த இரண்டையும் பிரிக்காமல் எந்த வண்டியையும் நான் அனுப்புவதில்லை. ஏர் ஃபில்டர் பெட்டி, வைப்பருக்கு அடியில் இலை சேரும் பள்ளம், சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரி அறை, கதவின் அடிப்பகுதி, பின்கதவில் தொங்கும் ஸ்பேர் டயரின் உட்புறம், வின்ச் இருந்தால் அதன் கம்பிச் சுருள் என்று ஓர் இடம் விடாதீர்கள். தரைவிரிப்பைக் கழற்றியே ஆக வேண்டும். டுரியான் ஏற்றிய வண்டி என்கிறீர்கள், பின்னால் ஒரு கொட்டையாவது உருண்டு கிடக்கும்.

நம்மவர்கள் வண்டியில் மட்டும் கிடைக்கிற சாமான்களும் உண்டு. கண்ணாடியில் காய்ந்த பூச்சரம், பிள்ளையாருக்கு வைத்த அருகம்புல், இடுக்கில் விழுந்த அட்சதை, எப்போதோ செருகிய வேப்பிலை. எல்லாமே தாவரப் பொருள். பிள்ளையார் உலோகமோ பிளாஸ்டிக்கோ என்றால் துடைத்து உங்கள் கைப்பையில் எடுத்துப் போங்கள். வண்டிக்குள் வீட்டுச் சாமானையும் அடைக்க வேண்டாம், காலியாகவே போகட்டும்.

கண்டெய்னருக்குள் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டையையும் கவனியுங்கள். பட்டறையில் கிடந்த பலகைத் துண்டு ஆகாது. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தி, கோதுமைக் கதிர்ச் சின்னமும் HT (ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது சூட்டில் பதப்படுத்தியது) என்ற எழுத்தும் குத்திய கட்டையாக இருக்க வேண்டும்.

புல்வெட்டும் மிஷினை விட்டுவிடுங்கள். புல்லையும் விதையையும் அரைப்பதற்கென்றே செய்த மிஷின் அது. நட்டு நட்டாகப் பிரித்துக் கழுவுகிற கூலிக்கும், அங்கே ஏதாவது ஒட்டியிருந்து மாட்டிக்கொண்டால் ஆகிற செலவுக்கும் பெர்த்தில் புதிதாகவே வாங்கிவிடலாம்.

இனி காகித வேலை. உற்பத்தியாகி 25 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆஸ்திரேலியாவில் தனி வழி இருக்கிறது, உங்கள் 1994 வண்டி அதில் அடங்கும். ஆனால் இறக்குமதி அனுமதி கைக்கு வராமல் கப்பலேற்றக் கூடாது. உயிரிப் பாதுகாப்பு நிபந்தனைகளை அவர்களுடைய வேளாண் துறையின் பைகான் தளத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏஜென்டின் ஞாபகத்தை மட்டும் நம்பாதீர்கள். பலர் மறக்கிற இன்னொன்று ஆஸ்பெஸ்டாஸ். 2003 டிசம்பர் 31 முதல் அங்கே அதற்கு முழுத் தடை. பழைய வண்டியின் பிரேக், கிளட்ச், கேஸ்கெட்டில் அது இருக்கலாம். மாற்றிவிடுங்கள், மாற்றிய பாகத்தின் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவு ரத்து, சுங்கத்துக்கு கே2 என்ற ஏற்றுமதி அறிவிப்புப் பாரம், இரண்டையும் ஏஜென்டே முடித்துக் கொடுப்பார்.

செப்டம்பர் முதல் ஏப்ரல்வரை நாற்றப்பூச்சிக்காகக் கட்டாயம் புகை போட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தலாம். அந்த விதி குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வரும் சரக்குக்குத்தான், மலேசியா அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால், ஏற்றுகிற சமயத்தில் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

எல்லாம் முடிந்த பிறகு பாலிக் புலாவிலிருந்து பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு நீங்களே ஓட்டிப் போகாதீர்கள். வழியில் ஒரு மழை பிடித்தாலும் டயர் இடுக்கில் மறுபடி மண்தான். இழுவை லோரியில் ஏற்றி நேராக டெப்போவுக்கு அனுப்புங்கள், அங்கேயும் புல்தரையில் நிறுத்த வேண்டாம். தேங்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து வழியனுப்ப அம்மா ஆசைப்பட்டால், அதைக் கழுவுவதற்கு முந்திய நாளே செய்துவிடச் சொல்லுங்கள்.