காசியில் கடை, திருச்சியில் கைது

ஐயா,

காசிக்குப் போயிருந்தோம். ஒரு சந்தில் 'அரசு அனுமதி பெற்ற பாங் கடை' என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். பச்சை உருண்டைகளை வெளிப்படையாக விற்கிறார்கள். இங்கே ஒரு கஞ்சாப் பொட்டலத்துக்கு ஜெயில். செடி ஒன்று, மத்தியச் சட்டமும் ஒன்று. பிறகு எப்படி? அந்த உருண்டையை ஊருக்குக் கொண்டுவந்தால் குற்றமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

குற்றம்தான். எந்தச் சட்டப்படி என்பதில்தான் சிக்கல்.

1985-இன் போதைப்பொருள் சட்டத்தில், அதாவது வக்கீல்கள் என்.டி.பி.எஸ். என்று சொல்வதில், கஞ்சா என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. சரஸ் என்றால் பிரித்தெடுத்த பிசின். நுனியோடு சேராத இலையையும் விதையையும் அந்த வரையறை விட்டுவிட்டது. 1961-இன் ஐ.நா. ஒப்பந்தத்தில் இருந்த வாசகம் அது. பாங் என்பது அந்த இலையை அரைத்த உருண்டை. ஆனால் செடியை வளர்ப்பது தனிக் குற்றம். இலைக்காகத்தான் வளர்த்தேன் என்றாலும் 10 ஆண்டு வரை போகும்.

மத்தியச் சட்டம் விட்டது என்றால் அனுமதித்தது என்று அர்த்தமில்லை. கஞ்சாச் செடிப் பொருள்கள் மீதான கலால் வரி அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. உத்தரப் பிரதேசமும் ராஜஸ்தானும் பாங் கடைக்கு உரிமம் கொடுத்துக் காசு பார்க்கின்றன. மகாராஷ்டிரத்தின் 1949 மதுவிலக்குச் சட்டம் உரிமமில்லாத பாங்கைத் தடுக்கிறது. அசாம் 1958-லேயே 'கஞ்சா, பாங் தடைச் சட்டம்' என்று தலைப்பிலேயே போட்டு முடித்துவிட்டது. நம்முடையது 1937-இன் மதுவிலக்குச் சட்டம், ராஜாஜி சேலத்தில் தொடங்கிவைத்தாரே, அதேதான். அதில் இலை, சிறு தண்டு, நுனி மூன்றும் உண்டு. பாங் என்ற பெயரும் உண்டு. சாராயத்துக்கு மட்டுமான சட்டம் என்று பலர் நினைப்பதால் இது கண்ணில் படுவதில்லை.

ஆகவே காசிக் கடையின் உரிமம் உ.பி. எல்லையோடு சரி. ரயில் நாக்பூரைத் தொட்டால் மகாராஷ்டிரச் சட்டம், கும்மிடிப்பூண்டி தாண்டினால் நம் சட்டம். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. பையில் இருப்பது வெறும் இலைதான் என்று யார் சொல்வது? போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் இலையிலும் இருக்கிறது, நுனியிலும் இருக்கிறது. அரைத்து உருட்டிய பிறகு பூ கலந்ததா இல்லையா என்று பிரித்துச் சொல்வது ஆய்வகத்துக்கே கஷ்டம். அறிக்கை வரும்வரை வழக்கு என்.டி.பி.எஸ்.-இல்தான் ஓடும்.

அந்தச் சட்டத்தில் எல்லாமே எடைதான். கஞ்சா 1 கிலோவுக்குள் சிறு அளவு, ஓராண்டு வரை தண்டனை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. சரஸுக்கு இதே கோடுகள் 100 கிராமும் 1 கிலோவும். வணிக அளவு என்றால் 37-ஆம் பிரிவு குறுக்கே வரும், ஜாமீன் குதிரைக்கொம்பு. போலீஸ் வழக்குகள் கெடுவதும் இங்கேதான். மூட்டையை அப்படியே தராசில் ஏற்றி, 'கஞ்சா 21 கிலோ' என்று பறிமுதல் மகஜர் எழுதிவிடுகிறார்கள். தண்டு, உதிர்ந்த இலை, விதை எல்லாம் அதில் அடக்கம். அவற்றைக் கழித்தால் 20-க்குக் கீழே இறங்கிவிடும் என்று வக்கீல் வாதாடுவார், உயர் நீதிமன்றங்களில் அதற்காகவே ஜாமீன் கிடைத்ததும் உண்டு. நுனியோடு ஒட்டியிருக்கும் இலையை மட்டும் கழிக்க முடியாது. 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றம், பாங் என்.டி.பி.எஸ்.-க்குள் வராது என்று சொல்லி ஒருவருக்கு ஜாமீன் கொடுத்தது. அந்த உத்தரவைக் காட்டி இங்கே முழுதாகத் தப்பிக்க முடியாது, 1937 சட்டம் அப்படியே நிற்கிறது. பெரிய வியாபாரி என்றால் ஜாமீனில் வந்தாலும் குண்டாஸ் காத்திருக்கும். 1982-இன் அந்தச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் சேர்த்தி, ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

இதில் சிக்கலில்லாத உறுப்பு விதை மட்டும். உத்தராகண்டில் அதை வறுத்துத் துவையல் அரைப்பார்கள். 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் அதன் எண்ணெயையும் உணவுப்பொருளாக ஏற்றுவிட்டது. ஆசைப்பட்டால் அதை வாங்கி வாருங்கள். தொட்டியில் போட்டு முளைக்க வைத்துவிடாதீர்கள், அது வளர்ப்புக் குற்றம்.