உபுண்டு நிறுவியும் நேராக விண்டோஸ்தான் திறக்கிறது, பார்ட்டிஷன் தப்பாகப் போட்டுவிட்டேனா?

முதலில் ஒன்று, அவசரப்பட்டு எந்த பார்ட்டிஷனையும், அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த எந்தப் பகுதியையும், அழிக்காதீர்கள். நிறுவல் பிழை காட்டாமல் முடிந்தது, மறுபடி ஆன் செய்தால் உபுண்டுவா விண்டோஸா என்று கேட்கும் மெனுவே வராமல் விண்டோஸ் 10 திறக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பார்ட்டிஷன் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், உபுண்டு நிறுவ வைத்த பென்டிரைவை எந்த முறையில் பூட் செய்தீர்கள், அதாவது அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்கினீர்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் புதிய முறை) என்று இருந்தால் உபுண்டுவையும் அதே முறையில்தான் ஏற்ற வேண்டும். பல லேப்டாப்களில் பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை வரும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும், மற்றது பழைய லெகசி. லெகசியைத் தேர்ந்தெடுத்திருந்தால் உபுண்டுவைத் தொடங்கிவைக்கும் க்ரப் என்ற புரோகிராம் பழைய பாணியில் டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும், ஆனால் லேப்டாப் தேடுவதோ பூட் கோப்புகளுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷனில், அங்கே விண்டோஸ் மட்டும் இருப்பதால் அதையே எழுப்புகிறது.

இதற்காக உபுண்டுவைத் திரும்ப நிறுவத் தேவையில்லை. பென்டிரைவை இந்த முறை யுஇஎஃப்ஐ வழியாக பூட் செய்து, நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் 'ட்ரை உபுண்டு' போய், இன்டர்நெட் இணைத்து, பூட் சிக்கலைச் சரிசெய்யும் பூட்-ரிப்பேர் என்ற புரோகிராமை நிறுவி, அது பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பைக் கொடுங்கள். லெகசியில் நிறுவிய உபுண்டுவுக்கு இஎஃப்ஐ க்ரப்பைப் போட்டுக் கொடுத்துவிடும். ஒருவேளை முதலிலேயே யுஇஎஃப்ஐயில்தான் நிறுவினீர்கள் என்றால் வேலை இன்னும் சுலபம், லேப்டாப்பின் சொந்த அமைப்புத் திரையான பயாஸில் பூட் வரிசையில் 'உபுண்டு' என்ற பெயரை விண்டோஸுக்கு மேலே நகர்த்திப் பாருங்கள்.

அப்புறம், பின்னாளில் நீங்களே கையால் பார்ட்டிஷன் பிரிக்க நேர்ந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். சில வருடங்களுக்கு முன் தம்பியின் லேப்டாப்பில் 100 எம்பி அளவில் ஒரு குட்டி பார்ட்டிஷனைப் பார்த்துவிட்டு, இதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்து ஃபார்மேட் டிக்கைப் போட்டுவிட்டேன். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன், விண்டோஸின் பூட் கோப்புகள் மொத்தமும் அதில்தான் இருந்தன. அவனுடைய காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் சி டிரைவில் பத்திரமாக இருந்தும் விண்டோஸ் எழுந்திருக்கவே இல்லை, ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. மறுநாள் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் ஏறி, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பூட் கோப்புகளைத் திரும்ப எழுதும் பிசிடிபூட் கட்டளை கொடுத்த பிறகுதான் திரும்ப வந்தது. அந்த பார்ட்டிஷனை விண்டோஸும் உபுண்டு போன்ற லினக்ஸும் பகிர்ந்துகொள்ளும், அதற்கு 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று மட்டும் குறித்தால் போதும், ஃபார்மேட் வேண்டவே வேண்டாம்.

விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஷட்டவுன் செய்தாலும் சி டிரைவ் பாதித் தூக்கத்திலேயே கிடக்கும், உபுண்டுவிலிருந்து அதில் எழுத முடியாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறீர்களா? சரி, அப்படியானால் பயாஸில் கை வைப்பதற்கு முன்பே அதன் ரிகவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 48 இலக்கம், அடுத்த தடவை ஆன் செய்யும்போதே கேட்கக்கூடும்.