மழையும் தேயிலை மண்ணும்: பூச்செடிக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கொழும்பிலிருந்து அண்ணா வாங்கிவந்த லெவண்டர் கன்று முதலில் நன்றாக இருந்தது. இப்போது அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வருகிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், மாட்டெருவும் போட்டேன். குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா? (ஹட்டன் வாசகி)

பதில்: பாவம், குளிர்மேல் பழி போடாதீர்கள். லெவண்டர் மத்தியதரைக்கடல் பக்கத்துக் கல்லு மலைகளில் வளரும் செடி. ஹட்டன் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதைக் கொல்வது வேரில் தேங்கும் ஈரம்தான். சாடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, பிடித்தால் தோல் உருவிக்கொண்டு வந்தால் அழுகல். அப்படியென்றால் இன்னும் பச்சையாக இருக்கும் நுனிகளை விரல் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மணலில் ஊன்றிவையுங்கள். தாய் போனாலும் பிள்ளை தங்கும்.

அப்புறம் மண். தேயிலைக்குப் பிடித்தது புளிப்பு மண், பி.எச். அளவு (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை. லெவண்டர் கேட்பதோ 6.5க்கு மேல். தோட்டத்து மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, பொடிச் சல்லி அரைப் பங்கு கலந்து, புளிப்பைக் குறைக்கச் சாடிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் (சுண்ணாம்புக்கல் போன்ற ஒரு கல்லின் தூள்) போடுங்கள். அது கிடைக்காவிட்டால் விறகடுப்புச் சாம்பல் அதே அளவு. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம். சாடிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் மழை விடாது, ஆகவே வெயில் படும் பக்கத்துத் தாவாரத்துக்குள் சாடியை இழுத்துவிடுங்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மாட்டெரு வேண்டவே வேண்டாம். கொழுத்த மண்ணில் இலைதான் மண்டும், பூ குறையும்.

கேள்வி: என் லெவண்டர் புதராக நிற்கிறது, ஆனால் பூக்கவே இல்லை. (பண்டாரவளை)

பதில்: இலை விளிம்பைப் பாருங்கள். வழவழவென்று நேராக இருந்தால் அது பெரும்பாலும் இங்கிலீஷ் லெவண்டர். அதற்கு நல்ல குளிர்காலமும், பின்னால் நீண்ட கோடைப் பகலும் வேண்டும். இங்கிலாந்தில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். நமக்கு வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம்தான். இலை வாசனையோடு திருப்திப்படுங்கள். பூவும் வேண்டுமென்றால் ரம்பப் பல் போல விளிம்புள்ள பிரெஞ்சு லெவண்டரை வாங்குங்கள். உங்கள் ஊவாப் பக்கத்து வருட நடு வறட்சியும் அதற்கு நன்றாகவே பொருந்தும். பூத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு கத்தரியுங்கள். இலையில்லாத கட்டைத் தண்டுவரை வெட்டினால் மறுபடி துளிர்ப்பது அரிது.

கேள்வி: நீலமாகப் பூத்த ஹைட்ரேன்ஜியாவில் கம்பு வெட்டி வீட்டுச் சுவரோரம் நட்டேன். ரோஸ் நிறத்தில் பூக்கிறது. கம்பு மாறிவிட்டதா? (நானுஓயா)

பதில்: கம்பு அதேதான், மாறியது மண். புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது, பூ நீலமாகிறது. சுவரின் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு இறங்கினால் புளிப்புக் குறைகிறது, அலுமினியம் மண்ணிலேயே பூட்டிக்கொள்கிறது. நீலம்தான் வேண்டுமென்றால் சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள். எனக்கென்னவோ ரோஸ் நிறமும் குறைந்ததாகத் தெரியவில்லை. நுவரெலியா பக்கம் நீலம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கேள்வி: ரோஜா இலையில் கரும்புள்ளி வந்து, மஞ்சளாகி உதிர்கிறது. (தலவாக்கலை)

பதில்: இது பூஞ்சணம். இலை மணிக்கணக்கில் நனைந்து கிடந்தால் பிடிக்கும். விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். செடிகளுக்கு நடுவே காற்றுப் போக இடம் விட்டு, காலையில் அடிமண்ணுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் முழுதாகத் தப்ப முடியாது. வெயில் வந்ததும் புதுத்துளிர் வரும்.

கேள்வி: ஜனவரிப் பனியில் ஜெரேனியம் கருகிவிடுகிறது. (நுவரெலியா)

பதில்: மேகமில்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் இரவுதான் ஆபத்து. மாலையிலேயே சாக்கை இலையில் படாமல் குச்சி ஊன்றிப் போர்த்துங்கள், வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். கருகிய நுனிகளை உடனே வெட்ட வேண்டாம், அடுத்த பனிக்கு அவைதான் உள்துளிருக்குப் போர்வை. பெப்ரவரி முடியட்டும்.