பாம்பன் புயல் கூண்டும் ஒரு பேச்சுப் போட்டியும்

அண்ணனுக்கு வணக்கம்,

நான் பாம்பன். விசைப்படகுல கூலிக்குப் போறவன். கடலுக்குப் போக டோக்கன் குடுக்காத நாள்ல தான் உங்க எழுத்த போன்ல படிப்பேன். என் மக பத்தாவது படிக்குது. பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி வச்சிருக்காக, தலைப்பு ‘சமுதாய வளர்ச்சியில் நாடுகளின் அறிவியல் ஒத்துழைப்பு’. மூணு நிமிசம் பேசணுமாம். டீச்சர் எழுதிக் குடுத்த தாள்ல கலாம் அய்யா இருக்காக, விண்வெளி நிலையம் இருக்கு, கொரோனா தடுப்பூசி இருக்கு. புள்ள மனப்பாடம் பண்ணுறத கேட்டுக்கிட்டே இருந்தவன், ‘ஏத்தா, ஒன் மாமன் விசைப்போட்டு இலங்கைல புடிபட்டு நாலு மாசமாச்சு, இந்த ஒத்துழைப்பு அத மீட்டுக் குடுக்குமா’ன்னு கேட்டுட்டேன். புள்ள மூஞ்சி சுருங்கிப் போச்சு. பெரிய ஆளுக ஏசி ரூம்ல உக்காந்து டீ குடிச்சு போட்டோ எடுத்துக்குறதத் தவிர இதுனால நம்ம கரைக்கு என்னண்ணே வந்துச்சு? பேர் போட வேண்டாம்.

பாம்பனிலிருந்து ஒரு வாசகர்

தம்பிக்கு,

மீட்டுக் குடுக்காது. அத முதல்லயே சொல்லிர்றேன், சுத்தி வளைச்சு ஒங்களுக்கு ஆறுதல் சொல்ற மாதிரி எழுதுனா அடுத்த தடவ நீங்க படிக்க மாட்டீங்க. புடிச்ச போட்ட விடுறதும் விடாததும் கோர்ட்டும் ரெண்டு அரசாங்கமும் பாத்துக்குற விசயம், அதுல விஞ்ஞானிய யாரும் கூப்புடுறதில்ல. கேட்டதும் தப்பில்ல. புள்ளகிட்ட கேட்டது தான் கொஞ்சம் அவசரம்.

ஆனா ‘நம்ம கரைக்கு என்ன வந்துச்சு’ன்னு கேக்குறீங்க பாருங்க, அதுக்கு ஒங்க ஊர்லயே பதில் தொங்குது. பாம்பன் துறைமுகத்துல ஏத்துற புயல் எச்சரிக்கைக் கூண்டு. மூணாம் நம்பர் ஏறிருச்சுன்னா டிவிக்காரங்க வந்து அந்தக் கம்பத்த படம் புடிச்சுட்டுப் போவாங்க, நீங்க போட்ட கரைக்கு இழுத்துக் கட்டுவீங்க, அவ்வளவு தான் நமக்குத் தெரியும். அந்தக் கூண்டு ஏறணும்னா அதுக்குப் பின்னாடி எத்தன நாட்டுக் கை இருக்குன்னு நாம நெனச்சுப் பாக்குறதில்ல.

1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிய கடல் எடுத்துச்சுல்ல, அந்தப் புயல் நேரா நம்ம மேல வந்து விழல. மொதல்ல இலங்கைக்குள்ள பூந்து, அங்க சனங்கள கொன்னுட்டு, அப்புறம் தான் இங்கிட்டு வந்துச்சு. ரயில் போச்சு, ஊர் போச்சு. எங்க அப்பத்தா சாகுற வரைக்கும் டிசம்பர் மாசம் காத்து கொஞ்சம் பலமா அடிச்சாலே சாமி ரூம்ல வெளக்க ஏத்திட்டு உக்காந்துரும். அன்னைக்கு வானத்துலேர்ந்து பாத்துச் சொல்ல நமக்குன்னு ஒரு கண்ணு கெடையாது. இப்ப 2020 டிசம்பர எடுத்துக்கங்க, புரெவி. ஏறக்குறைய அதே பாதை தான், திருகோணமலைப் பக்கம் ஏறி, இலங்கைய குறுக்க தாண்டி, மன்னார் வளைகுடாவுல எறங்கி ராமநாதபுரத்த ஒட்டி நகராம அப்படியே நின்னுச்சு. ஆனா அது இலங்கைல ஏறுறதுக்கு முன்னாடியே நம்ம போட்டெல்லாம் கட்டியாச்சு. புரெவிங்கிற பேரு கூட நம்ம வச்சது இல்ல, மாலத்தீவுக்காரங்க குடுத்தது.

இந்தப் பேர் விசயம் எனக்கு ரொம்பப் புடிக்கும், கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். 1970ல அன்னைக்கு கிழக்கு பாகிஸ்தானா இருந்த வங்காளக் கரைல அடிச்ச புயல்ல லட்சக்கணக்குல சனங்க செத்தாக. அதுக்கப்புறம் 1972ல உலக வானிலை அமைப்பும் ஐநாவும் சேந்து வங்காள விரிகுடா, அரபிக்கடல சுத்தி இருக்குற நாடுகளுக்குன்னு ஒரு புயல் குழு ஆரம்பிச்சாங்க. அதுக்கு மொத வருசம், 1971 டிசம்பர்ல தான் இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை போட்டு முடிச்சிருந்துச்சு, அந்த ரெண்டு நாடும் அந்தக் குழுவுல உறுப்பினர். இப்ப 13 நாடு இருக்கு, நாட்டுக்கு 13 புயல் பேரா குடுத்து 169 பேரு இருக்குற பட்டியல 2020ல வெளியிட்டாங்க. 2021ல ஆந்திராவ அடிச்ச குலாப் புயலுக்கு அந்தப் பேர குடுத்தது பாகிஸ்தான். டெல்லில இருக்குற நம்ம வானிலை ஆளுக புயல் எங்க நிக்குது எங்க போகும்னு கணக்குப் போட்டு எல்லாருக்கும் அனுப்புறாங்க, பாகிஸ்தானுக்கும் தான் போகுது. கிரிக்கெட் ஆட மாட்டோம்னு சொல்ற வருசத்துல கூட அது நிக்கல. சும்மா டீ குடிக்கிற வேலையா இருந்தா எப்பவோ நின்னுருக்கும் தம்பி.

ஒங்க போன்ல மீன் எந்தப் பக்கம் கூடும்னு மெசேஜ் வருதுல்ல, அது ஹைதராபாத்ல இருக்குற கடல் தகவல் மையத்துலேர்ந்து கெளம்புறது. கடல் மேல்மட்டம் எவ்வளவு சூடு, எங்க நுண்பாசிப் பச்சை கூடியிருக்குன்னு செயற்கைக்கோள் பாத்துச் சொல்றத வச்சுத் தான் அந்தக் கணக்கு, அதுல வெளிநாட்டுக் கோளும் உண்டு. அது போக ஆர்கோன்னு ஒரு மிதவை இருக்கு. உலகத்துக் கடல் பூரா ஏறக்குறைய 4000 மிதக்குது. 2000 மீட்டர் ஆழம் வரைக்கும் முங்கி, பத்து நாளைக்கு ஒருக்கா மேல வந்து சூட்டையும் உப்பையும் சொல்லிட்டு மறுபடி முங்கிரும், எந்த நாட்டுக்காரன் போட்ட மிதவையா இருந்தாலும் சொல்ற கணக்கு எல்லாருக்கும் ஓசி.

சரி, நல்லதையே சொல்லிக்கிட்டு இருந்தா டீச்சர் தாள் மாதிரி ஆயிரும். கெட்டதும் இதே வழியில தான் வந்துச்சு.

கடலடிய வழிச்சு இழுக்குற வலை, அதான் இழுவைமடி, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஒங்க போட்டு ஓனர கேளுங்க, தெரியாதும்பாரு. 1952ல இந்தியா, நார்வே, ஐநா மூணும் சேந்து ஒரு ஒப்பந்தம் போட்டாக, மொதல்ல கொல்லம் பக்கம் நீண்டகரைல ஆரம்பிச்சது, அப்புறம் அந்தத் திட்டத்தோட கை மண்டபம் வரைக்கும் நீண்டுச்சு. எஞ்சின் வச்ச படகு, ஐஸ் பிளான்ட்டு, கூடவே இழுவைமடி. மீனவன் ஏழ்மை போகணும்னு நல்ல மனசோட தான் வந்தாக, அதுல சந்தேகம் இல்ல. றால் வெளிநாடு போச்சு, காசு வந்துச்சு. ஆனா நம்ம வடகடல், அதான் பாக் விரிகுடா, எவ்வளவு ஆழம்? பெரும்பாலான இடத்துல 15 மீட்டர் கூட இருக்காது, அதுல அடிய வழிச்சு எடுக்குற மடிய எத்தன வருசம் இழுக்கலாம்னு நாட்டுப்படகு வல்லத்துக்காரன யாரும் கேக்கல, எதிர்க் கரைல இருக்குறவனையும் கேக்கல. இலங்கைல உள்நாட்டுச் சண்டை நடந்த காலத்துல அந்தப் பக்கக் கடல் ஆளில்லாம கெடந்துச்சு, நம்ம போட்டு போச்சு, வந்துச்சு. 2009க்கு அப்புறம் யாழ்ப்பாணத்து ஆளுக திரும்பக் கடல்ல எறங்கிப் பாத்தா நம்ம இழுவைமடில மாட்டி அவுக வலை அறுந்து கெடக்கு. 2017ல அவுக நாட்டுல இழுவைமடியவே தடை பண்ணிட்டாக. ஒங்க மச்சான் போட்டு கத ஒரு வகைல நீண்டகரைல ஆரம்பிக்குது.

கடல்பாசி கதையும் கிட்டத்தட்ட இதே தான். பிலிப்பைன்ஸ் பாசிய ஜப்பான்லேர்ந்து கொண்டாந்து மண்டபத்துல வளத்தாக, பொம்பளைகளுக்கு நல்ல வருமானம், அப்புறம் பாத்தா குருசடைத் தீவு பவளப்பாறை மேல அது படந்து கெடக்கு. அத இன்னொரு நாள் எழுதுறேன்.

எனக்குப் பட்டது இது தான். புயல எந்த நாடும் ‘இது என்னோடது’ன்னு சொல்லாது, அதுனால அந்தக் கணக்க எல்லாரும் கூசாம பகுந்துக்குறாக. மீன ரெண்டு பேரும் ‘என்னோடது’ன்னு சொல்றோம், அதுனால அந்தக் கணக்க யாரும் வெளிய எடுத்து வைக்கிறதில்ல. நம்ம கரைல எறங்குற மீன எண்ண மண்டபத்துல ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்கிட்டு அவுகளுக்கு நாரான்னு ஒரு நிறுவனம் இருக்கு. ரெண்டு கணக்கையும் ஒரே நோட்டுல கூட்டி, இந்த வருசம் வடகடல்ல இவ்வளவு தான் அள்ளலாம்னு ரெண்டு அரசும் சேந்து கையெழுத்துப் போடுற பழக்கம் மட்டும் வரல. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம தடைகாலம், அந்தத் தேதி அங்கிட்டு கெடையாது. அப்ப குஞ்சு மீனு கோடு பாத்து நீந்துமா?

கடல் அடியில கெடக்குற உயிரு, கடல் அட்டைய பாருங்க, இதவிட வேடிக்கை. 2001லேர்ந்து நம்ம பக்கம் அத தொடக்கூடாது, வனத்துறை சட்டத்துல புலிக்கு என்ன பாதுகாப்போ அதே அட்டவணைல கொண்டுபோய் வச்சாக. தனுஷ்கோடிலேர்ந்து 30 கிலோமீட்டர் கூட இல்ல, அந்தப் பக்கம் லைசென்ஸ் வாங்கிட்டு முங்கி எடுக்கலாம், பண்ணை வச்சே வளக்குறாக. அதே அட்டை, அதே தண்ணி, இங்க எடுத்தா ஜெயிலு, அங்க எடுத்தா டாலரு. அப்ப ராத்திரில சாக்கு மூட்டை போகத்தான செய்யும். இங்க அட்டை கொறஞ்சுதா கூடுச்சான்னு ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே மாதிரி முங்கி எண்ணி, ஒரே மாதிரி சட்டம் போட்டிருந்தா பாதி கடத்தலுக்கு வேலையே இல்ல. அறிவியல் ஒத்துழைப்புன்னு ஏசி ரூம்ல சொல்றது நம்ம கரைல இந்த அட்டைய எண்ணுறது தான், அத விட்டுட்டு மத்ததெல்லாம் பேசுறாகளேன்னு எனக்கும் கோவம் உண்டு.

இதெல்லாம் நடக்குமான்னு கேப்பீங்க. கலாம் அய்யா கதைய டீச்சர் முழுசாச் சொல்லியிருந்தா அதுலயே பதில் இருக்கு. 1963 நவம்பர் 21, அவுக வேல பாத்த, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாலேர்ந்து மொத ராக்கெட்டு போச்சுல்ல, அது அமெரிக்கா குடுத்த நைக் அப்பாச்சி. உள்ள இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்ஸ் குடுத்தது. ரஷ்யாக்காரனும் அந்தத் தளத்துக்கு உதவி பண்ணுனான். அமெரிக்காவும் ரஷ்யாவும் கியூபா விசயத்துல குண்டு போடப் போறாங்கன்னு உலகமே பயந்து ஒரு வருசம் தான் ஆகியிருந்துச்சு. பூமியோட காந்த நடுக்கோடு அந்த ஊரு பக்கமா போகுது, அதுனால அந்த எடம் எல்லாருக்கும் வேண்டியிருந்துச்சு. 1968ல அந்த ஏவுதளத்த ஐநாவுக்கே அர்ப்பணிச்சாக. தும்பாவும் மீன்புடி ஊரு தான், மாதா கோவிலையும் சுத்தி இருந்த வீடுகளையும் விட்டுக் குடுத்துட்டு எழுந்திரிச்சுப் போனது மீனவ சனங்க. அவுகள எந்தப் பேச்சுப் போட்டிலயும் யாரும் சொல்றதில்ல.

மக விசயத்துக்கு வர்றேன். மூணு நிமிசம்னா 300 வார்த்தைக்கு மேல தாங்காது, நான் எழுதுனதுல முக்காவாசிய வெட்டிருங்க. கலாம் பேர மொத வரில போட வேண்டாம், அன்னைக்குப் பேசுற அத்தன புள்ளைகளும் அங்கேர்ந்து தான் ஆரம்பிக்கும். கூண்டுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க, ஞாயித்துக்கெழமை கூட்டிட்டுப் போய் அந்தக் கம்பத்துக்குக் கீழ நின்னு எந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு கேட்டுக் குறிச்சுக்கட்டும். மாமன் போட்டு புடிபட்டதையும் சொல்லலாம், தைரியம் இருந்தா. கடல் அட்டைய சேக்குறதா இருந்தா மட்டும் டீச்சர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க, விருந்தாளியா வனத்துறை ஆபீசர யாரையாவது கூப்பிட்டிருக்கப் போறாக.